தளைபடாத காடு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'கவிதையும் இயற்கையும்'. அழைப்பிதழிலும் அவ்வாறே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பை நான் கைவிடவில்லை. ஆனால் அதை ஒரே ஒரு காட்டுக்குள், அதிலும் நான் இரண்டு இரவுகள் படுத்துறங்கிய ஓரிடத்துக்குள் சுருக்கிக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற மாதம் மலர்க்குழுவினர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வட்டத்தின் கவியரங்குகளில் வாசிக்கப்பட்டவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து மலரில் வெளியிடப் போவதாகவும், 2018-ஆம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுக் கவியரங்கில் நான் வாசித்த 'கன்னிக்காடு' என்னும் கவிதையை அதில் சேர்க்க என் இசைவு தேவை என்றும் கேட்டிருந்தார்கள். மகிழ்ச்சி தரவேண்டிய கடிதம்தான். ஆயினும் மூன்று வாரம் நான் அதற்குப் பதில் எழுதவில்லை. நான் எழுதாமல் வைத்திருந்த பதிலைத்தான் இப்போது உங்கள் முன் சொல்லப் போகிறேன்.

அந்தக் கவிதை எப்படிப் பிறந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்கு அருகே வாழும் என் மகள் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வெள்ளை மலைகள் என்று பெயர்பெற்ற மலைத்தொடரில் உள்ள தேசியக் காட்டில் எடுத்த படம். பால்நிறத் தண்டுகளோடு மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றினிடையே இளங்காலை ஒளி. அந்தப் படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு ஓரிரவில் எழுதி முடித்தேன். மனிதக் கால் படாத காடு, கோடரியின் ஓசையைக் கேளாத காடு, நெருப்பை அறியாத வெண்மை என்றெல்லாம் பாடியிருந்தேன். கைதட்டல் கிடைத்தது. கவியரங்கம் முடிந்தபோது இளங்கவிஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, அது என்ன மரம்?" என்று கேட்டார். "கவிதையில் மரம் மரமாக இருந்தால் போதும் அம்மா" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை இன்று நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேள்வி கேட்டவர் இன்று நம் வட்டத்தின் பொருளாளர். இதோ முதல் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2019 செப்டம்பரில், மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். "அப்பா பாடிய காட்டை அப்பாவுக்குக் காட்டிவிட்டு வருவோம்" என்று அவளே ஏற்பாடு செய்தாள். மாப்பிள்ளை, மகள், பத்து வயதுப் பேரன், நான் என நால்வர். கூடாரம், தூங்குபை, சிறிய எரிவாயு அடுப்பு, இரண்டு வேளைக்கு எலுமிச்சைச் சாதம், ரசப்பொடி. ஒருவர் சுமக்க வேண்டியதை நால்வருக்கும் பகிர்ந்து கட்டினார்கள். என் முதுகில் ஏற்றியது மிகக் குறைந்த எடை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

போகும் வழியில் ஒரு நாள், அம்மலைகளுள் உயர்ந்ததான வாஷிங்டன் சிகரத்தைப் பார்த்தோம். 6,288 அடி. 1869-இல் ஓடத் தொடங்கிய பற்சக்கர ரயில் இன்றும் அதன்மேல் ஏறுகிறது. நம் உதகை ரயிலுக்கு அது மூத்த உறவு. உச்சியிலுள்ள வானிலைக் கூடத்தில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 231 மைல் வேகக் காற்றை அளந்திருக்கிறார்கள். 1996-இல் ஆஸ்திரேலியத் தீவு ஒன்றில் வீசிய புயல் முந்தும்வரை உலகில் அதுவே பெருங்காற்று. இவற்றையெல்லாம் சுற்றுலாக் கையேடுகளிலேயே நீங்கள் படிக்கலாம். ராபர்ட் ஃப்ராஸ்ட் வாழ்ந்த வீட்டைப் பார்த்தீர்களா என்று திரும்பி வந்தபின் பலர் கேட்டார்கள். பார்த்தேன். 1915-இல் வாங்கி ஐந்தாண்டு அவர் குடியிருந்த பண்ணைவீடு அது. திண்ணை சிறியது; எதிரே மலைகள் தெரிகின்றன. நான் சொல்ல வந்தது அதையும் அன்று.

லிங்கன் என்னும் சிற்றூருக்குக் கிழக்கே, மலைகளை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் காட்டின் அந்த வாயில் இருக்கிறது. சாலைக்குக் காங்கமேகஸ் என்று பெயர். அப்பகுதியின் தொல்குடிகளுடைய கடைசித் தலைவர்களுள் ஒருவர் பெயர் அது. சாலையின் அருகே ஓடும் ஆறு பெமிகெவாசெட். அதுவும் அபெனாக்கி மக்களின் சொல். மனிதக் கால் படாத காடு என்று பாடிய எனக்கு, வண்டியைவிட்டு இறங்கும் முன்னரே இரண்டு பெயர்கள் வழிமறித்தன. காலே படாத இடத்துக்குப் பெயரிட்டவர் யார்? ஆனால் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பெயர்கள் காதுக்கு இனிமையாக இருக்கின்றன என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வாயிலில் மரத்தாலான குடில் ஒன்று. உள்ளே காட்டிலாகாவுக்குத் தொண்டு செய்யும் முதிய பெண்மணி ஒருவர் இருந்தார். கரடிகள் மோப்பம் பிடித்து வரும் என்பதால் உணவைப் பூட்டிவைக்க ஒரு கனத்த பிளாஸ்டிக் கலத்தை இரவலாகத் தந்தார். மகள் எங்கள் வருகையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சுவரில் இருந்த பழைய புகைப்படங்களைப் பார்த்தேன். மரமே இல்லாத மலைகள். சரிவெங்கும் அடிக்கட்டைகளும் கருகிய கழிகளும். போர்க்களத்தைப் படம்பிடித்தது போலிருந்தது. எந்த நாட்டில் நிகழ்ந்தது இது என்று மகள் வழியாகக் கேட்டேன். அந்த அம்மையார் சன்னலுக்கு வெளியே கைகாட்டினார். இதோ, இந்தப் பள்ளத்தாக்கில்தான் என்றார்.

பிறகு அவர் சொன்னதையும், ஊர் திரும்பியபின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1867-இல் நியூ ஹாம்ப்ஷயர் அரசு தன் வசமிருந்த மலைநிலங்களை அற்ப விலைக்குத் தனியாருக்கு விற்றுவிட்டது. 1892-இல் ஜே. ஈ. ஹென்றி என்னும் மரவணிகர் லிங்கன் ஊருக்கு வந்தார். அடுத்த ஆண்டிலிருந்து காட்டுக்குள் ரயில் ஓடிற்று. பள்ளத்தாக்கின் நெடுகத் தொழிலாளர் முகாம்கள். அவற்றுக்குப் பெயர்கூட இல்லை, எண்கள்தாம். கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு மொழி பேசும் ஏழைகள் பலர் அவற்றில் பனிக்காலம் முழுவதும் தங்கி மரம் வெட்டினார்கள். வெட்டியவற்றுள் முதன்மையானது ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். அதன் நார் நீளமானது. காகிதக் கூழுக்கு ஏற்றது. 1902-இல் லிங்கனில் கூழ் ஆலையும் எழுந்தது. அவையோரே, அந்த மலைகள் காகிதமாயின. அக்காலத்துச் செய்தித்தாள்களும் நூல்களும், ஐயமின்றிச் சில கவிதைத் தொகுதிகளும், அப்படிப்பட்ட மலைகளிலிருந்து இறங்கி வந்தவைதாம்.

வெட்டியபின் எஞ்சிய கிளைகளும் தழைகளும் காய்ந்து கிடந்தன. ரயில் எஞ்சினின் பொறி போதும், மின்னல் போதும். 1903-இல் வெள்ளை மலைகளின் பல பகுதிகள் எரிந்தன. 1907 ஆகஸ்டில், நாங்கள் நடக்கவிருந்த அதே பள்ளத்தாக்கில், ஆந்தைத்தலை என்னும் பொருள்படும் பெயருடைய மலையில் மின்னலால் பற்றிய தீ பல்லாயிரம் ஏக்கரைத் தின்றது. மண்ணே எரிந்த இடங்கள் உண்டு.

மலைகள் மொட்டையானதும் ஆறுகள் முறை தவறின. பெமிகெவாசெட் தெற்கே சென்று மெரிமாக் என்னும் பேராறாகிறது. மான்செஸ்டர், லோவல் நகரங்களின் நெசவாலைகள் அந்நாளில் அந்த நீரை நம்பியிருந்தன. வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வருகின்றன என்று ஆலைக்காரர்களே முறையிட்டார்கள். காட்டை அரசு விலைகொடுத்து வாங்கவேண்டும் என்ற மசோதா பலமுறை தோற்றது. இயற்கைக் காட்சிக்காக ஒரு காசும் தர இயலாது என்பது பிரதிநிதிகள் அவைத் தலைவராயிருந்த ஜோசப் கேனனின் நிலை என்பார்கள். எனவே சட்டம் அழகைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், கப்பல் செல்லும் ஆறுகளின் நீர்ப்பிடிப்பைக் காப்பது என்ற காரணத்தைச் சொல்லி நிறைவேறியது. 1911 மார்ச் 1. வீக்ஸ் சட்டம் என்று அதற்குப் பெயர். அந்த மலைகளில் பிறந்தவரான ஜான் வீக்ஸ் கொண்டுவந்தது. 1918-இல் வெள்ளை மலைத் தேசியக் காடு முறையாக அறிவிக்கப்பட்டது. இன்று அது ஏழரை லட்சம் ஏக்கர். அழகு என்ற சொல்லைக் கொண்டு ஓர் ஏக்கரைக்கூட வாங்கியிருக்க முடியாது என்பதைக் கவிஞர்களாகிய நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் என் கைப்பேசியில் இருந்த பழைய படத்தை அந்த அம்மையாரிடம் காட்டினேன். என் கவிதைக்குத் தாயான படம். அவர் உடனே கண்டுகொண்டார். காகித பிர்ச் என்றார். இமயத்தில் பழைய நாளில் ஏடாகப் பயன்பட்ட பூர்ஜ மரத்தின் உறவு அது. அதன் பட்டை தாள்போல் உரியும். அது நிழலில் முளைக்காத மரம். வெட்டவெளியில், பெரும்பாலும் தீ தின்ற மண்ணில், முதலில் வந்து குடியேறுவது. ஒரே வயதுள்ள வெண்மரங்கள் திரளாக நின்றால் அங்கே முன்பு காடு எரிந்திருக்கலாம், அல்லது முற்றாக வெட்டப்பட்டிருக்கலாம் என்று அறியலாமாம். அவற்றின் ஆயுளும் ஏறத்தாழ நூறாண்டுதான். கீழே ஸ்ப்ரூஸும் ஃபர் மரமும் சிறியனவாகக் காத்திருக்கின்றன. பிர்ச் விழ விழ அவை எழும் என்றார்.

கோடரியின் ஓசையைக் கேளாத, நெருப்பை அறியாத வெண்மை! அன்பர்களே, என் கவிதையின் ஒரு வரி தவறு என்றால் திருத்திக்கொள்ளலாம். அதன் ஒவ்வொரு வரியும் உண்மைக்கு நேர் எதிராக இருந்தது. கோடரியும் நெருப்பும் இல்லாதிருந்தால் அந்த மரங்களே அங்கே இல்லை. நான் மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

ஆற்றின்மேல் ஒரு தொங்குபாலம். அதைக் கடந்ததும் பாதை இடையறாத நேர்க்கோடாக, ஏற்றமே இல்லாமல் மூன்று மைல் அளவும் காட்டுக்குள் செல்கிறது. மலைநடை என்று அஞ்சி வந்த எனக்கு வியப்பாக இருந்தது. காலில் ஏதோ தட்டியபின்தான் குனிந்து பார்த்தேன். மண்ணில் புதைந்தும் புதையாமலும் ரயில்பாதைக் குறுக்குக் கட்டைகள். ஹென்றியின் ரயில் ஓடிய தடம் அது. 1940-களின் இறுதியில் ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு கட்டைகளை விட்டுப் போய்விட்டார்கள். அறுபதைக் கடந்த எனக்கு அந்த எளிய நடையைக் கொடுத்தது, காட்டை அழித்த ரயில்தான். கட்டைகளின் இடைவெளி மனித அடிக்குப் பொருந்துவதில்லை. ஒவ்வொன்றாக மிதித்தால் நடை குறுகிவிடுகிறது. ஒன்று விட்டு ஒன்று மிதித்தால் தாவ வேண்டியிருக்கிறது. பேரன் தாவினான். நான் சீர் தப்பிச் சீர் தப்பி நடந்தேன்.

மூன்று மைலுக்குப் பின் ஓர் ஓடை. அதன்மேல் சிறு பாலம். பாலத்துக்கு அப்பால் ஒரு மரப்பலகையில் பெமிகெவாசெட் வனம் என்று எழுதியிருந்தது. தேசியக் காட்டினுள்ளே சட்டத்தால் இன்னும் கடுமையாகக் காக்கப்படும் 45,000 ஏக்கர் அங்கே தொடங்குகிறது. அதற்குள் வண்டியோ இயந்திர வாளோ செல்லக்கூடாது. கூடாரமும் பாதையிலிருந்தும் நீரிலிருந்தும் 200 அடி தள்ளித்தான் அடிக்க வேண்டும். மாப்பிள்ளை காலடியால் அளந்து அளந்து ஓரிடத்தைத் தேர்ந்தார். சமையல் ஓரிடம், உணவுக்கலம் வேறோரிடம், படுக்கை இன்னோரிடம். காலைக்கடனுக்கு மண்வெட்டி கொண்டு அரையடிக் குழி தோண்ட வேண்டும் என்றும் எனக்குச் சொல்லித்தந்தார்கள். குறிஞ்சித் திணையைப் பற்றி முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவன் மலையில் முதன்முதலாகக் கற்ற பாடம் அது.

இரவைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர் எலும்பைத் தொட்டது. கூடாரத் துணி ஒவ்வொரு சிற்றொலியையும் பெருக்கிக் காட்டியது. ஓடை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது; அதை நான் முதலில் மழை என்றும், பிறகு கூட்டமாக ஆட்கள் வருகிறார்கள் என்றும் எண்ணினேன். நள்ளிரவுக்குப் பின் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. விளக்கை எடுக்க மறந்தேன். நான்கடி வைத்திருப்பேன். கணுக்காலை யாரோ கயிற்றால் பிடித்து இழுத்தது போலிருந்தது. முகங்குப்புற விழுந்தேன். நல்லவேளை, கீழே மெத்தைபோல் பாசி.

"மாமா, என்ன ஆச்சு?" என்று மாப்பிள்ளை விளக்கோடு ஓடிவந்தார். என் காலில் சுற்றியிருந்தது ஒரு புதரின் கிளை. அந்தச் செடியின் கிளைகள் தாழ்ந்து நிலத்தைத் தொட்டு, தொட்ட இடத்தில் வேர்விட்டுக்கொள்கின்றன. அதனால் இரண்டு முனையும் மண்ணில் ஊன்றிய வளையங்களாகி விடுகின்றன. நடப்பவர் கால் அதில் மாட்டிக்கொள்ளும். "இதுக்கு ஹாபிள்புஷ்னு பேர் மாமா. குதிரை ஓடாமல் இருக்கக் காலைக் கட்டுவாங்களே, அந்தக் கட்டுக்குத்தான் ஹாபிள்" என்றார். கால்தளைப் புதர் என்று எனக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடியுமுன் மாப்பிள்ளை பாண்ட்கிளிஃப் என்னும் உச்சிக்குப் புறப்பட்டார். 4,265 அடி. நான் போகவில்லை, என் முழங்கால்களுக்கு எல்லை தெரியும். மகளும் பேரனும் நானும் பழைய ரயில்தடங்களின் வழியே மெல்ல நடந்தோம். மஞ்சள் பிர்ச், மேப்பிள், ஃபர், ஸ்ப்ரூஸ் என்று மகள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஃபர் இலை தட்டை, ஸ்ப்ரூஸ் இலை உருட்டினால் விரலில் உருளும் என்று பேரன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

ஓரிடத்தில் அவன் மண்ணைக் கிளறித் துருப்பிடித்த இரும்பு ஆணி ஒன்றை எடுத்தான். ஒரு சாண் நீளம். தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைத்தது. "தாத்தா, இதை நாம் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?" என்றான். மகள், வைத்த இடத்திலேயே வைக்கச் சொன்னாள். ஐம்பது ஆண்டைக் கடந்த எந்தப் பொருளையும் அங்கிருந்து எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றமாம். காட்டுக்குள் இரும்பு குப்பைதானே, குப்பையைக் காக்க ஒரு சட்டமா என்று கேட்டேன். "இங்கே வேலை செய்தவர்கள் விட்டுப் போனது வேறு எதுவும் இல்லையே அப்பா" என்றாள். பேரன் ஆணியைப் பள்ளத்தில் வைத்து இலையால் மூடினான். எண்களால் மட்டுமே அறியப்பட்ட அந்த முகாம்களின் மனிதர்களையும் என் கவிதை 'கால் படாத' என்ற ஒரு சொல்லால் துடைத்துவிட்டிருந்தது. அபெனாக்கியரைத் துடைத்தது முன்னமே நிகழ்ந்தது.

இனி, நான் ஊர் திரும்பியபின் படித்தறிந்த ஒன்றைச் சொல்லவேண்டும். என் மனத்தைவிட்டு இந்த ஆறேழு ஆண்டுகளாக அகலாதது அதுதான்.

அமெரிக்காவில் வனங்களைக் காக்கும் சட்டம் 1964 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தாகியது. அதன் வாசகத்தை எழுதியவர் ஹோவர்ட் ஸானைசர். வனங்களைக் காக்கும் சங்கம் ஒன்றின் செயலாளர், அதன் இதழுக்கு ஆசிரியர், கவிதையில் தோய்ந்தவர். 1956-இலிருந்து எட்டாண்டு எழுதி எழுதித் திருத்தினார். சட்டம் கையெழுத்தாவதற்கு நான்கு மாதம் முன்பு, 1964 மே மாதத்தில் இறந்துபோனார். வனம் எது என்று சட்டம் வரையறுக்கும் இடத்தில் அவர் ஒரு சொல்லை வைத்தார். 'அன்ட்ராமல்டு' என்பது அந்தச் சொல். சியாட்டில் நகரத்துப் பாலி டையர் என்ற பெண்மணி ஒரு கடற்கரையைக் குறித்து அதைப் பயன்படுத்தக் கேட்டு மனத்தில் கொண்டது. நண்பர்கள் ஒப்பவில்லை. யாருக்கும் புரியாத சொல், 'கலைக்கப்படாத' என்று பொருள்தரும் எளிய சொல்லை வையுங்கள் என்றார்கள். ஸானைசர் மறுத்தார். கலைக்கப்பட்ட காடும் வனமாகலாம். இப்போது அதன் போக்கை மனிதன் கட்டிவைக்காமல் விட்டானா என்பதே கேள்வி என்பது அவர் நிலை.

அகராதியைப் புரட்டினேன். 'ட்ராமல்' என்றால் மீன்வலை. அதற்கு மற்றொரு பொருள், குதிரை ஒரு குறிப்பிட்ட நடையில் நடக்கப் பழக்குவதற்காக அதன் கால்களில் பூட்டும் கயிறு. எனக்கு அந்த நள்ளிரவும் என் கணுக்காலைப் பிடித்த கிளையும் நினைவுக்கு வந்தன. தமிழில் இதற்கு ஒரே சொல்தான் உண்டு. தளை. கால்நடைக்கு இடுவதும் தளை; சீரையும் சீரையும் பிணைத்து யாப்பின் நடையை நிறுத்துவதும் தளை. ஸானைசரின் காடு தளைபடாத காடு. தீண்டப்படாத காடு அன்று, கன்னிக்காடு அன்று. 'கன்னி' என்ற உவமையில் உள்ள மற்றொரு குற்றத்தை நம் அவையின் பெண் கவிஞர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். அதை நான் விரிக்க வேண்டியதில்லை.

அந்த ஒரு சொல் எத்தனை ஏக்கரைக் காத்தது என்பதையும் பாருங்கள். 1970-களின் தொடக்கத்தில் காட்டிலாகாவின் தலைமை ஒரு வாதம் வைத்தது. நாட்டின் கிழக்குப் பகுதிக் காடுகள் யாவும் ஒருமுறை வெட்டப்பட்டவை. எனவே அவை தூய வனம் ஆகா என்பது வாதம். சட்டத்தில் 'கலைக்கப்படாத' என்ற சொல் இருந்திருந்தால் அந்த வாதம் வென்றிருக்கக்கூடும். 1975 ஜனவரியில் கிழக்குப் பகுதி வனங்களுக்கெனத் தனிச்சட்டம் வந்தது. வெட்டுண்டு மீண்ட காடுகளும் வனம் எனப்பட்டன. 1984-இல் பெமிகெவாசெட்டும் அவ்வாறே. என் கவிதையின் அளவுகோலைக் கொண்டு சட்டம் எழுதியிருந்தால், நான் படுத்துறங்கிய இடத்தில் இன்று என்ன இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

நம் மரபுக்கு இது புதிதா என்று கேட்டால், இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர்சொல்லி அடுக்கினார். நான் ஒரு மரத்தின் பெயரையும் சொல்லாமல் ஒரு காட்டையே பாடிவிட்டேன். அது மட்டும் அன்று. சங்கக் குறிஞ்சி எங்கேயாவது ஆளில்லாக் காடாக இருக்கிறதா? அங்கே தினைப்புனம் இருக்கிறது. புனம் என்பது மரத்தை வெட்டி, எரித்து, அந்தச் சாம்பலில் விதைத்த நிலம். பரண் இருக்கிறது, கிளியோட்டும் பெண் இருக்கிறாள், தேன் எடுப்பவன் இருக்கிறான், கல்வழியில் வருகிற காதலன் இருக்கிறான். சந்தனம் வெட்டுண்ட மலையைக் கபிலரும் பிறரும் கூச்சமில்லாமல் பாடினார்கள். மனிதன் இல்லாத மலை அழகானது என்று அவர்களுள் ஒருவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அந்த எண்ணத்தை நான் எங்கிருந்து பெற்றேன்? ஆங்கிலக் கற்பனாவாதக் கவிதைகளைக் கல்லூரியில் பயின்றபோது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாட்காட்டிப் படங்களிலிருந்தும் இருக்கலாம். முப்பது ஆண்டு குறிஞ்சியைப் பாடம் நடத்தியவனுக்குக் குறிஞ்சி கை கொடுக்கவில்லை, நாட்காட்டி கொடுத்திருக்கிறது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். 2019-இலேயே இதையெல்லாம் அறிந்தும் இத்தனை ஆண்டு ஏன் வாய் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். அந்தக் கவிதையை இருவர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் அதை ஒப்பித்தார்கள். பாராட்டை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. திருத்தி எழுதிப் பார்த்தேன். 'கன்னிக்காடு' என்ற சொல்லை எடுத்தவுடன் மற்ற வரிகள் நிற்கவில்லை. அந்தச் சொல்லைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லாமலிருந்தது.

ஆகவே மலர்க்குழுவினருக்கு என் பதில் இது. 'கன்னிக்காடு' மலரில் வேண்டாம். அதற்கு ஒதுக்கிய பக்கங்கள் வீணாகிவிடும் என்று நினைத்தால் இந்த உரையை அங்கே இட்டுக்கொள்ளுங்கள்.

பொருளாளர் அம்மா, உங்கள் கேள்விக்கு இப்போதாவது விடை சொல்லிவிடுகிறேன். படத்தில் இருந்தது காகித பிர்ச். 1907-ஆம் ஆண்டுத் தீக்குப் பின் முளைத்ததாக இருக்கக்கூடும். நாங்கள் நடந்தபோது அவற்றுள் பல உச்சி காய்ந்து நின்றன. சில விழுந்து கிடந்தன. விழுந்ததன் அருகே என் முழங்கால் உயரத்தில் ஒரு கன்று நின்றது. அதன் இலையைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தேன். உருண்டது. ஸ்ப்ரூஸ்.